தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே குடிபெயர்வோருக்கு: பள்ளியும் குடும்பச் செலவும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பம் ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே மூன்று முறை வீடு மாறியிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும், பின்னர் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. பெங்களூருக்குப் போனால் மாதச் செலவு எவ்வளவு கூடும்? ஒரே தொகையாகச் சொல்ல முடியுமா?

முடியாது. அப்படி ஒரு தொகையைச் சொல்பவரை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து போகும் குடும்பத்துக்கும் சென்னையிலிருந்து போகும் குடும்பத்துக்கும் வேறுபாடு மிகப் பெரியது. சென்னையில் நல்ல பகுதியில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவருக்குப் பெங்களூரின் வாடகை அதிர்ச்சி தராமல் போகலாம். சிற்றூரில் சொந்த வீட்டில் இருந்தவருக்கு முதல் மாதமே கை கடிக்கும்.

மாதச் செலவு, ஒரே ஒரு முறை வரும் செலவு, இப்போது கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வரும் செலவு என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். வாடகை, பால், மளிகை, பேருந்து ஆகியவை முதல் பத்தி. முன்பணம், பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், வண்டியின் மறுபதிவு ஆகியவை இரண்டாவது. பிள்ளை 12-ஆம் வகுப்பு முடிக்கும்போது எந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கேட்க முடியும் என்பது மூன்றாவது. பெரும்பாலோர் முதல் பத்தியை மட்டும் எழுதிவிட்டுக் கிளம்புகிறார்கள். என் கருத்தில் மூன்றாவது பத்திதான் மிகவும் கனமானது. அதைப் பற்றி 13-ஆம் கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

2. எந்த மாதத்தில் வீடு மாறுவது பிள்ளைகளுக்கு நல்லது?

இரண்டு மாநிலங்களின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளும் ஏறக்குறைய மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ திறக்கின்றன. ஆகவே மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறுபவர்கள் மே மாதத்தில் வீடு மாறினால் பிள்ளைக்கு ஒரு நாள் வகுப்பும் விடுபடாது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலிலேயே புதிய வகுப்பைத் தொடங்கிவிடுவதால், ஜூனில் போய்ச் சேரும் பிள்ளை முதல் பாடங்களைத் தானே படித்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். சேர்க்கை விண்ணப்பங்கள் இதற்கும் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடும் என்பதால், பெங்களூரில் தனியார் பள்ளி என்றால் முந்தைய டிசம்பரிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

3. டி.சி. மட்டும் போதுமா? வேறு என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல், ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து வருபவர்கள் பிள்ளையின் எமிஸ் எண்ணையும் (மாநில அரசின் மாணவர் பதிவு எண்) நாடு முழுவதற்குமான பென் எண்ணையும் (நிரந்தரக் கல்வி எண்) கேட்டு எழுதி வாங்க வேண்டும். கர்நாடகத்தில் மாணவர் விவரங்கள் சாட்ஸ் என்ற தொகுப்பில் பதிவாகின்றன. பழைய பள்ளி தன் கணினிப் பதிவிலிருந்து பிள்ளையை விடுவிக்காத வரை புதிய பள்ளி தன் பட்டியலில் ஏற்றுவது இழுபடும். காகிதத்தில் டி.சி. கைக்கு வந்துவிட்டது என்பதால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை.

பெயரையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். நம் வழக்கப்படி தகப்பனார் பெயரின் முதலெழுத்து பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும். எங்கள் மூத்த மகளுக்கு டி.சி.யில் முன்னெழுத்து முன்னாலும், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னாலும், பிறப்புச் சான்றிதழில் எதுவுமே இல்லாமலும் இருந்தது. மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று எழுதிக் கொடுத்து, திருத்தம் பெற்று வர மூன்று வாரம் ஆனது. டி.சி. வாங்கும் மேசையிலேயே மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுவது மேல்.

டி.சி. தாமதமாகிறது என்று கலங்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆம் பிரிவின்படி, 8-ஆம் வகுப்பு வரை, வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேரும் உரிமை பிள்ளைக்கு உண்டு, டி.சி. வரவில்லை என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது.

4. இங்கே பாப்பாவுக்கு 5 வயது முடிந்துவிட்டது. அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா?

தமிழ்நாட்டில் 5 வயது முடிந்த குழந்தையை 1-ஆம் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். கர்நாடகம் 6 வயது என்பதை விதியாக்கியிருக்கிறது. கேந்திரிய வித்யாலயங்களிலும் 2022-23 முதல் 6 வயதுதான். ஆகவே இங்கே 1-ஆம் வகுப்புக்குத் தயாரான குழந்தை, அங்கே இன்னோர் ஆண்டு யு.கே.ஜி.யில் இருக்க நேரலாம். அந்த ஓர் ஆண்டின் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. புதிய ஊரில் புதிய மொழியைக் காதில் வாங்கிக்கொள்ள அது நல்ல அவகாசம்.

5. மகள் நான்காம் வகுப்பு. கன்னடம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கட்டாயமாகப் படிக்க வேண்டுமா?

ஆம். கன்னட மொழி கற்றல் சட்டம் 2015-இன்படி, எந்த வாரியத்தைச் சேர்ந்த பள்ளியாக இருந்தாலும் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்க வேண்டும். இது 1-ஆம் வகுப்பிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இடையில் வந்து சேரும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன ஏற்பாடு செய்யும், எந்த நிலைப் பாடப்புத்தகத்தைக் கொடுக்கும் என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பேச்சு வருவது கடினமன்று. தமிழின் சொல் முதல் பகரம் கன்னடத்தில் பல இடங்களில் ஹகரமாகியிருப்பதைச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகள் விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்: பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, புலி ஹுலி. மரம், மனை, கண் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சொற்களே. சிக்கல் எழுத்தில்தான் வரும். நமக்கு ஒரே ககரம். அங்கே அழுத்தமும் மூச்சும் மாறுவதற்கேற்ப நான்கு எழுத்துகள். எங்கள் மகள் முதல் சொல்வதெழுதுதலில் செடியைக் குறிக்கும் ‘கிட’ (gida) என்ற சொல்லை அழுத்தமான ‘ka’ எழுத்தால் எழுதிவிட்டு, தான் சரியாகத்தான் எழுதினோம் என்று அழுதாள். காதுக்கு அந்த வேறுபாடு பிடிபட நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல் இருந்ததுதான் நாங்கள் செய்த நல்ல காரியம்.

6. அப்படியானால் தமிழ் மறந்துபோகுமே?

வீட்டில் பேசும் வரை மறக்காது. எழுதவும் படிக்கவும் வரவேண்டும் என்றால் ஏற்பாடு வேண்டும். கர்நாடகத்தின் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுத இடம் உண்டு. முதல் மொழித் தாளுக்கு 125 மதிப்பெண். ஆனால் தமிழாசிரியர் உள்ள பள்ளிகள் மிகச் சிலவே. பெங்களூரில் தமிழர் பல தலைமுறைகளாக வாழும் பகுதிகளில் விசாரித்தால் கிடைக்கலாம். மற்ற இடங்களில் வீட்டில் நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

7. நாங்கள் எதிர்த்திசை. பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் வருகிறோம். பையனுக்குத் தமிழ் பேச மட்டுமே தெரியும். என்ன ஆகும்?

தமிழ் கற்றல் சட்டம் 2006-இன்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். பின்னர் அது மற்ற வாரியங்களின் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் இருப்பதால், மூன்றாம் மொழியின் சுமை பிள்ளைக்குக் குறையும். ஆனால் தமிழில் செய்யுளும் இலக்கணமும் 6-ஆம் வகுப்பிலிருந்தே கனக்கத் தொடங்கும். 5-ஆம் வகுப்புக்குள் வந்துவிட்டால் ஓராண்டில் சமாளித்துவிடலாம். 8-ஆம் வகுப்பில் வருபவருக்குத் தனிப்பயிற்சி இல்லாமல் முடியாது. அந்தச் செலவை முதல் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். 5-ஆம் கேள்வியில் சொன்னபடி, பள்ளியின் ஏற்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்குவது இங்கும் பொருந்தும்.

8. மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா? எது பாதுகாப்பு?

இன்னும் சில ஆண்டுகளில் மறுபடியும் ஊர் மாறும் வாய்ப்பு இருந்தால் சி.பி.எஸ்.இ. பாதுகாப்பு. பாடப்புத்தகம் பெரும்பாலும் ஒன்றாகவே தொடரும். மொழிப்பாடம் மட்டும்தான் மாறும். மத்திய அரசு ஊழியர்களுக்குக் கேந்திரிய வித்யாலயங்களில் முன்னுரிமை இருப்பதால் அவர்களுக்கு இது இன்னும் எளிது. ஒரே ஊரில் நிலைத்துவிடப் போகிறவர்கள் மாநிலப் பாடத்திட்டத்தைத் தாழ்வாக நினைக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டணத்தை ஒப்பிடும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள். கல்விக் கட்டணம், பேருந்து, சீருடை, புத்தகம், ஒரு முறை மட்டும் செலுத்தும் சேர்க்கைக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, பிள்ளை அங்கே படிக்கப் போகும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். மூன்றே ஆண்டுகள் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பெரிய சேர்க்கைக் கட்டணம் கொடுப்பது, பத்தாண்டு படிக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதைப் போன்றதன்று. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் அமைந்த குழு தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்த ஆணையைப் பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம். நன்கொடை கேட்பதையும், சேர்க்கைக்காகக் குழந்தைக்குத் தேர்வு வைப்பதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இரண்டு மாநிலங்களிலும் தடை செய்கிறது.

9. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். உண்மைதானா?

நீண்ட காலமாக இருந்து வரும் வழக்கம் அதுதான். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகையையே முன்பணமாகக் குறிப்பிடுகிறது.

இதன் பாரத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து மாத முன்பணம் 2,00,000. மூன்று மாதம் என்றால் 60,000. மீதி 1,40,000 ரூபாய் வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும். 7 சதவீத வட்டியில் அதன் மதிப்பு ஆண்டுக்கு 9,800 ரூபாய், அதாவது மாதம் 800 ரூபாய்க்குச் சற்று அதிகம். காலி செய்யும்போது வண்ணம் பூச ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கம். இரண்டே ஆண்டில் காலி செய்தால் அதுவும் மாதத்துக்கு 833 ரூபாய். ஆக, 20,000 என்று சொல்லப்பட்ட வாடகை உண்மையில் 21,600-ஐத் தாண்டிவிடுகிறது.

புறநகரில் வீடு பார்ப்பவர்கள் காவிரிக் குழாய் வந்திருக்கிறதா, ஆழ்துளைக் கிணறா, லாரித் தண்ணீரா என்பதை வாடகைக்கு முன்பே கேட்க வேண்டும். 2024 கோடையில் கிணறுகள் வற்றியபோது லாரித் தண்ணீரை நம்பியிருந்த குடியிருப்புகள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

10. மின்சாரம், பேருந்து, ரேஷன் இவற்றில் எந்த மாநிலம் சாதகம்?

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்து, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. கர்நாடகத்தில் 2023 முதல் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை சலுகை உண்டு. ஆனால் அது அந்த இணைப்பின் முந்தைய சராசரிப் பயன்பாட்டை ஒட்டியே கணக்கிடப்படுவதால், எல்லோருக்கும் 200 யூனிட் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் யாராக இருந்தாலும் கட்டணமின்றிப் போகலாம். பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் தரும் கர்நாடகத்தின் சக்தி திட்டம் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு மட்டுமானது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ரேஷனைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் பொது விநியோகம் எல்லோருக்குமானது என்பதால், குடும்ப அட்டையை இழப்பது நடுத்தரக் குடும்பத்துக்கும் ஓர் இழப்பே. தொழில் வரி இரண்டிலும் ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தான். அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

11. ஓசூரிலேயே இருந்துகொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தால் இரண்டு பக்க லாபமும் கிடைக்குமே?

பெங்களூரின் ஓசூர்ப் பக்கத்தில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ வேலை என்றால் நல்ல முடிவு. நகரின் மையத்துக்கோ கிழக்கே உள்ள வொயிட்ஃபீல்டுக்கோ நாள்தோறும் போவது என்றால் வாடகையில் மிஞ்சிய பணம் சுங்கக் கட்டணத்திலும் எரிபொருளிலும் போய்விடும். அத்திப்பள்ளியிலும் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்திலும் சுங்கச்சாவடிகள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து பெங்களூர் நகரம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் மாலையில் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வருபவருக்குத் தொலைவைவிட நேரமே கணக்கு. தகப்பனார் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும் வாழ்க்கையை ஆறு மாதம் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

12. காரைக் கொண்டுபோனால் மறுபடியும் வரி கட்ட வேண்டுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கர்நாடகத்தில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 14 சதவீதம், அந்த வரியின் மேல் கூடுதல் வரியும் (செஸ்) உண்டு. பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் புதிய வரியைக் கட்டிவிட்டுத்தான் பழையதைக் கேட்க முடியும் என்பதால், இரண்டு தொகையும் சில மாதங்களுக்கு உங்கள் கையிலிருந்து போயிருக்கும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவன ஊழியர்களுக்குப் புதிய வண்டி வாங்கும்போது மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். (பாரத்) வரிசை எண் பெறும் வழி இருக்கிறது.

13. பிள்ளையை எந்த வகுப்பில் மாற்றினால் பின்னாளில் கல்லூரிச் சேர்க்கையில் இழப்பு வராது?

6-ஆம் வகுப்பில், அல்லது அதற்கு முன்பாக. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கேட்பதற்குரிய முதன்மையான தகுதி, 1-ஆம் வகுப்புக்கும் 12-ஆம் வகுப்புக்கும் இடையே குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருப்பது. 6-ஆம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு 12 முடியும்போது சரியாக ஏழு ஆண்டு. 7-ஆம் வகுப்பில் சேர்ந்தால் ஆறுதான். பாதுகாப்புப் படையினர், மத்திய அரசு ஊழியர்கள் போன்றோரின் பிள்ளைகளுக்கும், எல்லைப் பகுதியில் வாழும் கன்னடத் தாய்மொழியினருக்கும் தனி விதிகள் உண்டு. மற்றவர்களுக்கு ஓர் ஆண்டுத் தாமதமே கதவை அடைத்துவிடக் கூடும்.

தமிழ்நாட்டிலும் இதே வகுப்புதான் எல்லைக்கோடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் கிடைக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியருக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவருக்கும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் இதே கணக்கில்தான். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை 8-ஆம் வகுப்பில் எல்லை தாண்டி அழைத்துப்போகும் குடும்பம், இங்கே இருந்த உரிமையை இழந்து, அங்கே புதிய உரிமையையும் பெறாமல் நிற்கும். எனக்குத் தெரிந்த வீடுகளில் இதுவே அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முற்றிலும் வழியடைந்துவிடாது. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் வெளியே படித்திருந்தாலும் இருப்பிடச் சான்றிதழைக் காட்டித் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் பங்கேற்கலாம். 8 முதல் 12 வரை இங்கேயே படித்தவர்களுக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை. தமிழ்நாட்டில் 12-ஆம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. கர்நாடகத்தில் அதற்குப் பாதி, நுழைவுத் தேர்வுக்குப் பாதி.

14. பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ மாற்றலாமா?

10-ஆம் வகுப்பிலும் 12-ஆம் வகுப்பிலும் வேண்டாம். சி.பி.எஸ்.இ.யில் பொதுவாக 9-ஆம் வகுப்பை அதே வாரியத்தில் முடித்தவர்களே 10-க்கும், 11-ஐ முடித்தவர்களே 12-க்கும் போக முடியும்; பெற்றோர் ஊர் மாறுவது போன்ற காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. 11-ஆம் வகுப்பு இயல்பான திருப்பம். கர்நாடகத்தில் அதை முதலாண்டு பி.யு.சி. என்பார்கள், பெரும்பாலும் பள்ளியில் அல்லாமல் பி.யு. கல்லூரியில் நடக்கும். வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் இடப்பெயர்வுச் சான்றிதழையும், அங்குள்ள பி.யு. கல்வித் துறையிடமிருந்து தகுதிச் சான்றிதழையும் பெற வேண்டும்.

15. இங்கே எங்களுக்கு எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது. அங்கே செல்லுமா?

கர்நாடகத்தின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அங்கே பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகள் 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி என்று வேறாக இருக்கின்றன. அந்தப் பட்டியல் அந்த மாநிலத்துக்குரியது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும்கூட, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் அங்குள்ள ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990-லும் 2018-லும் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டில் உங்கள் உரிமை தொடர்கிறது. ஆகவே 13-ஆம் கேள்வியில் சொன்ன ஏழு ஆண்டுகளை அங்கே முடித்தாலும், உங்கள் பிள்ளை பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

16. இங்கே 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்கிறான். அங்கேயும் கேட்கலாமா?

அந்த இடம் உங்கள் பிள்ளையோடு பயணம் செய்யாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி நுழைவு வகுப்பில் ஒரு பள்ளிக்காகத் தரப்படும் இடம் அது. கர்நாடகத்தில் 2019-20 முதல், அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த ஒதுக்கீடு கிடையாது என்று விதி மாற்றப்பட்டிருக்கிறது. ஆகவே முழுக் கட்டணத்தையும் புதிய செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும்.

17. மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. கணவருக்கு இப்போதே பெங்களூருக்கு மாற்றல். எல்லோரும் போவதா, அவர் மட்டும் போவதா?

இரண்டு பிள்ளைகளுக்கும் விடை வெவ்வேறாக இருப்பதால்தான் இது கடினமாக இருக்கிறது. மகளுக்கு அடுத்த ஜூன்தான் சரியான நேரம். 6-ஆம் வகுப்பில் அங்கே சேர்ந்தால் ஏழு ஆண்டுகள் நிறைவாகும். மகனை இப்போது நகர்த்தினால் 10-ஆம் வகுப்புத் தேர்வுக்கு ஓராண்டு இருக்கும்போது மொழியும் பாடமும் ஒருசேர மாறும். அங்கே ஏழு ஆண்டுகளும் அவனுக்குக் கிடைக்கப் போவதில்லை.

இதே நிலையில் இருந்த ஒரு குடும்பத்துடன் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணவர் மட்டும் இரண்டு ஆண்டுகள் அறையில் தங்கி வார இறுதிகளில் ஊருக்கு வருவதற்கான செலவை ஒரு பக்கமும், மகனின் புதிய சேர்க்கைக் கட்டணம், தனிப்பயிற்சி, முன்பணம் ஆகியவற்றை மறுபக்கமும் எழுதினோம். இரண்டும் அதிகம் வேறுபடவில்லை. மகன் 10 முடித்து 11-இல் பி.யு. கல்லூரிக்குப் போவதும், மகள் 7-இல் சேர்ந்து ஓர் ஆண்டை இழப்பதும் ஒரு வழி. மகள் மட்டும் அடுத்த ஜூனில் தகப்பனாரோடும் பாட்டியோடும் முன்னதாகப் போவது இன்னொரு வழி. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். பாட்டி இப்போது பால்காரரிடம் ‘ஹாலு’ என்று கேட்டு வாங்குகிறார். மகன் மார்ச் மாதத் தேர்வுக்குப் பழைய பள்ளியிலேயே படித்துக்கொண்டிருக்கிறான்.